நடுச்சுவர் இறாக்கை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் கடலுக்குப் போய்த் திரும்பி வராத என் தம்பியின் பிள்ளைகள். ஏழு பேரையும் குருநகரில் இந்தப் பாதி வீட்டில் வைத்துத்தான் ஆளாக்கினேன். மற்றப் பாதி என் தங்கச்சியினுடையது. நான் சொல்லப் போவது அவளைப் பற்றியும், எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிற சுவரைப் பற்றியும்தான். இரண்டில் சுவர் எவ்வளவோ மேல்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். கையெழுத்து வைப்பேன். செபப் புத்தகத்தில் பெரிய எழுத்தாக இருந்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தங்கச்சி எட்டாம் வகுப்பு வரை போனவள், அவளுக்கு எழுத்து ஓடும். ஆனால் அவள் எழுத மாட்டாள், வாயே போதும். அவள் வாயால் வந்த கதை ஒன்று இப்போது எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், வீடு வீடாகப் போய்க் கொண்டிருக்கிறது. அது பொய். அதற்குத்தான் இந்த எழுத்து.

எங்கள் அம்மாவின் வீடு நீளமான ஒற்றை வீடு. மேற்குப் பாதி எனக்குச் சீதனம், கிழக்குப் பாதி அவளுக்கு. அவளுடைய கலியாணத்துக்கு முன் கூடத்தின் நடுவே குறுக்கால் ஒரு சுவர் எழுப்பினார்கள். எழுப்பியவன் அவளுக்கு வரவிருந்த மாப்பிள்ளை. செத்துப்போன மனிதனைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. ஆனால் கடற்கரை மண்ணை அள்ளி வந்து சாந்து குழைத்தது அவன்தான் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது. கட்டிய நாளிலிருந்து அந்தச் சுவர் உப்புப் பூத்துக் கொண்டிருக்கிறது. பூசப் பூசப் பொரிந்து கொட்டும். சண்டைக் காலத்தில் ஒழுங்கை முகப்பில் செல் விழுந்தபோது நடுவில் ஒரு வெடிப்பும் ஓடியது. நாங்கள் ஓடிப்போய்த் திரும்பி வந்து பார்த்தால் கூரையில் பாதி இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது. அவளைப்போல, போக வேண்டிய நேரத்தில் போகாத சுவர்.

என் வாசல் மேற்கே, அவள் வாசல் கிழக்கே. யார் வாசலால் நுழைந்தாலும் நேரெதிரே தெரிவது அந்த ஒரே சுவர்தான். அதனால்தான் மாதா சிலை வைக்கிற பலகைத் தட்டு, இறாக்கை, அதுவும் அந்தச் சுவரிலேதான் இருக்க வேண்டும்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபம் எங்கள் ஒழுங்கைக்கு வரும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்குப் போகும். மாதா தங்கும் வீட்டில் ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடிச் செபமாலை சொல்லும். பிறகு கடலையும் தேத்தண்ணியும். வாசலுக்கு நேரே, நிற்கிறவர்களின் தலைக்கு மேலே, இறாக்கையில்தான் மாதாவை வைப்போம். அம்மாவின் காலத்திலிருந்து எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான்.

போன வருசம் என் இறாக்கையின் ஆணிகள் இளகிவிட்டன. ஆணியைப் பிடுங்கினால் அந்த இடத்துச் சுவர் மாவாகக் கொட்டி, என் முட்டிக் கை போகும் அளவுக்குக் குழி. என் மூத்தவன் பைபர் வள்ளம் திருத்துகிறவன். கடலுக்குள் கற்பாரில் மோதிக் கிழிந்து வந்த வள்ளத்தையும் ஒட்டித் திரும்பக் கடலில் இறக்கிவிடுவான். அவன் குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா, உதுக்கேன் மேசன்? நாலு துண்டு பைபரை வைச்சுப் பசை அடிச்சுவிட்டால், சுவர் உடைஞ்சாலும் இது உடையாது."

அவன் சொன்னது சொன்னபடியே நடந்தது. பசை காய்ந்து, அரத்தாளால் தேய்த்து, பெயின்ற் அடித்து, அதிலே இறாக்கையைப் பூட்டினான். சுத்தியலால் தட்டினால் கல்லைத் தட்டுவதுபோல இருந்தது. வந்தவர் போனவர் எல்லாருக்கும் தட்டிக் காட்டினான். மாதா வந்தார். சனம் முழங்காலில் இருந்தது. செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சட்டிமூடி கழன்று வருவதுபோல அந்த ஒட்டு முழுசாகக் கழன்று வந்தது, இறாக்கை அதிலே பூட்டினபடியே. பைபரில் ஒரு கீறல் இல்லை. சுவர்தான் அதை விட்டுவிட்டது. மாதா சரிந்தார். என் மருமகன் பாய்ந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். மெழுகு அவன் கையெல்லாம் ஊற்றியது. மாதாவின் கிரீடம் மட்டும் விழுந்து, உருண்டு உருண்டு தங்கச்சியின் முழங்காலடியில் போய் நின்றது. அத்தனை பேர் இருக்க, அவளிடம்.

அவள் கிரீடத்தை எடுத்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், அந்தக் குழியைப் பார்த்தாள்.

"அக்கா, உன்ரை சுவர் வாயைத் திறந்திட்டுது."

பின்னாலே யாரோ சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் அவள் நிறுத்துவாளா?

"வள்ளம் ஒட்டுற பசையாலை மாதாவை ஒட்டி வைச்சிருக்கினம். மாதா என்ன, கடல் தொழிலுக்குப் போறாவோ?"

என் வீட்டில் இருந்துகொண்டு, பிறகு என் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் போனாள். அன்றோடு அவளும் நானும் கதை பேச்சு இல்லை.

இந்த வருசம் மழைக்கு முன்னமே கோயில் மூப்பர் வந்தார். மாதா எந்த நாள் எந்த வீட்டுக்குப் போவதென்று ஒழுங்கு செய்கிறவர் அவர். கதிரையின் நுனியில் குந்தினார். நுனியில் இருக்கிற மனிதன் நல்ல செய்தி கொண்டுவந்ததை நான் கண்டதில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இந்த முறை மாதா தங்கச்சி வீட்டையே ரண்டு நாளும் இருக்கட்டும். உங்கடை செபத்தையும் அங்கை வைச்சே சொல்லுவம்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. எல்லாரும் யோசிச்சதுதான்."

"எல்லாரும் எண்டால் அவள்."

"அவவின்ரை றாக்கை உறுதி, அக்கா. எத்தினை வருசமா ஆடாமல் அசையாமல் நிக்குது. இல்லாட்டிச் சொல்லுங்கோ, இஞ்சை ஒரு மேசையைப் போட்டு அதிலை வைப்பம்."

"மேசையிலை வைக்க மாதா என்ன கலியாணக் கேக்கோ?"

மூப்பர் எழும்பிவிட்டார். வாசலில் நின்று, "மாதம் துவங்க முதல் வந்து பாப்பன். சுவர் சரியெண்டால் மாதா வருவா. இல்லாட்டி அங்கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றி, அவள் நீட்டுகிற தேத்தண்ணியை வாங்கி, அவள் இறாக்கையை அண்ணாந்து பார்த்து என் வீட்டுச் செபத்தை நான் சொல்ல வேண்டுமாம். ஏழு பேரை வளர்த்த வீட்டுக்கு மாதா வராமல், ஒன்றே ஒன்றை வளர்த்து அதையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவள் வீட்டில் இரண்டு நாள் தங்குவாராம். அதைவிட அந்தச் சுவரை என் தலையில் தள்ளிவிட்டிருக்கலாம்.

மூத்தவன் மறுபடியும் பைபர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே மறித்து அனுப்பினேன். இணுவிலில் இருந்து ஒரு மேசனைக் கூப்பிட்டோம். வந்தவனுக்கு வேலை தெரியும், அதைவிட வாய் தெரியும். விரல் முட்டியால் சுவரை அங்கும் இங்கும் தட்டினான். எல்லா இடமும் வெறும் பானைச் சத்தம். உளியால் கொஞ்சம் சாந்தைச் சுரண்டி என் உள்ளங்கையில் போட்டான். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"ஆரம்மா இந்தச் சுவரைக் கட்டினது?"

"செத்துப்போனான்."

"தப்பீட்டான். எங்கடை பக்கம் மாட்டுக்கொட்டிலுக்கும் இப்பிடிச் சுவர் வைக்கமாட்டினம்."

"உங்கடை பக்கத்து மாடும் உப்புக் கண்டால் நக்கும். நீ வேலையைப் பார்."

அவன் விளங்கப்படுத்தினான். உக்கின இடம் முழுவதையும் நல்ல கல் தெரியும் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும். உப்புப் போகக் கழுவ வேண்டும். கல்லும் நல்ல மண்ணும் சீமெந்துமாக இறுக்கி அடைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் சுற்றியிருக்கிற சுவர் பழைய சுவர்தான், ஆணியும் திருகும் அதில் நிற்காது. போல்ட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊடறுத்து விட்டு, அங்கே ஒரு இரும்புத் தகடு வைத்து நட்டைப் பூட்டினால்தான் பாரம் தாங்கும்.

"அங்காலை ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"ஆரோ இருமிக் கேக்குதே."

"அது என்ரை தங்கச்சி."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. முதலில் கொத்து, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றேன். நட்டுப் பூட்ட அவள் வீட்டுக்குள் போகவேண்டி வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அவளிடம் போய்க் கேட்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

கொத்தத் தொடங்கினான். கல்லுக்குள்ளே கல் கழன்று வந்தது. உளியை உள்ளே விட்டு ஓங்கி ஓர் அடி அடித்தான், சுவர் துளைபட்டுவிட்டது. அங்காலே உளி எதிலோ பட்டு, கோயில் மணியைப் பொத்திக்கொண்டு அடித்ததுபோல 'டாங்' என்று ஒரு சத்தம். பிறகு அவளுடைய சத்தம்.

"ஆரடா அது? என்ரை அலுமாரியை உடைக்கிறது ஆர்?"

ஒரு வருசத்துக்குப் பிறகு நான் அவளோடு கதைத்தது அந்தத் துவாரத்தால்தான்.

"அலுமாரியோ? உதிலை உன்ரை றாக்கையெல்லோ இருக்கு?"

அங்காலே அவசரமாய்த் துணி இழுபடுகிற சத்தம்.

அவள் வீட்டு இறாக்கையை நீங்கள் கண்டிருக்க வேண்டும். அதிலிருந்து நிலம் முட்டப் பூவேலைத் திரை ஒன்று சுற்றிவரத் தொங்கும். மாதாவின் திரை என்று யாரையும் தொடவிட மாட்டாள். ஒரு வருசம் என் மகளின் குழந்தை அதைப் பிடித்து இழுத்ததற்குக் குழந்தையின் கையில் அடித்தவள் அவள். நான் கையைச் சுவருக்குள் விட்டுப் பார்த்தேன். குளிர்ந்த இரும்பு. அவளுடைய உறுதியான இறாக்கை, ஆடாத அசையாத இறாக்கை, மூப்பர் மெச்சிய இறாக்கை, இரும்பு அலுமாரியின் தலையில் போட்ட ஒரு பலகை. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

"மேசன் தம்பி, கேட்டியோ? எங்கடை ஆக்கள் மாதாவை அலுமாரிக்கு மேலை வைச்சு, அலுமாரிக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கினம்!"

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. மேசன் உளியைக் கீழே வைத்துவிட்டு இருந்து சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் வளவைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். வீட்டில் போடுகிற சோட்டிச் சட்டையோடு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு. உள்ளே கால் வைக்கவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை.

"என்ரை பக்கம் துளைக்கிறதுக்கு ஆரைக் கேட்டனீ?"

"நடுச்சுவர் ரண்டு பேருக்கும் பொது. என்ரை பாதியைக் கொத்தினன். உன்ரை பாதி தானாய் விழுந்தது. உன்ரை மனுசன் கட்டினது அப்பிடி."

"செத்த மனுசனை இழுக்காதை."

"அப்ப அலுமாரியை இழு. போல்ட்டுப் பூட்டவேணும்."

"பூட்ட விடமாட்டன்."

"விடவேண்டாம். மூப்பரை வரச் சொல்லுறன். இந்த ஓட்டையாலை அவர் ஒருக்காக் கையை விட்டுப் பாக்கட்டும்."

அவள் மேசனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவள் துவாயை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவளை எனக்குத் தெரியும், தோற்றால் துவாயை மாற்றுவாள்.

"பூட்டுறதெண்டால் போல்ட்டு என்ரை பக்கத்துக்கும் நீளமா வரவேணும். என்ரை றாக்கையையும் அதிலையே பூட்டுவன்."

"பூட்டு."

"எனக்கு எட்டுற உயரத்திலை."

நான் நெட்டை, அவள் குட்டை. மேசன், "அம்மாமாரே, போல்ட்டு வளையாது. ரண்டு பக்கமும் ஒரே உயரம்தான் வரும்" என்றான்.

"என்ரை உயரம்" என்றேன் நான்.

"அதெப்பிடி? நான் மெழுகுதிரி கொளுத்திறதெப்பிடி?"

"அலுமாரி" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

அவள் திரும்பி நடந்தாள். ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தாள்.

"அலுமாரிக் கதை இந்த வீட்டோடை நிக்கவேணும்."

"நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தால் நிக்கும்."

பேச்சு அவ்வளவுதான். அதில் அன்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இதை நன்றாக எழுது என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுமாரியை நகர்த்த என் மருமகன் போனான். அதன் பின்னாலே சுவர் பாசி பிடித்து, வயிறு ஊதியதுபோலப் புடைத்துக்கொண்டு நின்றதாம். மேசன் இரண்டு பக்கமும் கொத்தினான். எங்கள் கிணறு உவர், அந்தத் தண்ணியால் கழுவினால் உப்பின்மேல் உப்பு. அதனால் குடிக்க வாங்கி வைத்த தண்ணியை வாளி வாளியாகச் சுவருக்கு ஊற்றினோம். கழுவக் கழுவ நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்புத் தெரியாத வரைக்கும் அவனை அடைக்க விடவில்லை. "அம்மா, சுவரைச் சமைக்கப் போறியளோ?" என்று கேட்டான். அடைத்த பிறகு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, அது காயாமல் காலையும் மாலையும் நானே தண்ணி தெளித்தேன். அங்காலே அவள் தெளித்தாளோ இல்லையோ என்று காதை வைத்துக் கேட்பேன். தெளித்தாள். தன் இறாக்கைக்காகத் தெளித்தாள்.

போல்ட்டு மூத்தவன் கொண்டுவந்தான். வள்ளத்தில் எஞ்சின் பூட்டுகிற, உப்பிலும் துருப்பிடிக்காத போல்ட்டு. பைபர் வாளியோடு வந்தபோது மறித்தவள் இப்போது கதவைத் திறந்துவிட்டேன். இந்தப் பக்கம் தகடு, இறாக்கை, நட்டு. அந்தப் பக்கமும் தகடு, இறாக்கை, நட்டு. ஒரே போல்ட்டுத்தான். இங்கே மருமகன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான், அவன் சின்ன உடம்புக்காரன் இல்லை. சுவர் ஒரு பொடி உதிர்க்கவில்லை. மூப்பர் வந்து ஒரு விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "நல்லாய்த்தான் இருக்கு" என்றார். ஒரு விரலால்! தொங்கிப் பாரும் என்றேன். அவர் தொங்கவில்லை. ஆனால் நாளைக் குறித்தார்.

மாதா வந்தார். சனம் போன வருசத்தைவிட அதிகம், செபத்துக்கு வந்த சனம் இல்லை, விழுமா என்று பார்க்க வந்த சனம். தங்கச்சி வரவில்லை. மூன்றாம் தேவ இரகசியம் தொடங்கியதும் ஒருவருடைய கண்ணும் மூடியிருக்கவில்லை, எல்லாம் இறாக்கையில். அப்போதுதான் அங்காலே முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அவள் ஏறுகிறாள்.

எனக்கு அந்தக் கணம்தான் விளங்கியது. மாதா நிற்பது என் சுவரில், ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நட்டு அவள் கையில். ஒரு நட்டுச் சாவியைப் போட்டுத் திருகினால் போதும். எழும்பி ஓட முடியாது, ஓடினால் சனத்துக்கு விளங்கும். நான் குரலைத்தான் உயர்த்தினேன். 'பாவிகளாகிய எங்களுக்காக' என்பதை அன்றைக்கு ஒழுங்கை முடியும் வரைக்கும் கேட்கச் சொன்னேன். அங்காலே இரும்பில் இரும்பு உரசிற்று. பிறகு முக்காலி திரும்ப இழுபட்டது.

இறாக்கை நின்றது.

இறுக்கினாளோ, இளக்கப் பார்த்து முடியாமல் விட்டாளோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். செபம் முடிகிற நேரம் வந்து பின்னாலே முழங்காலில் இருந்தாள். தேத்தண்ணி கொடுக்கும்போது மூப்பருக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"என்ரை நல்ல றாக்கையைக் கழட்டி, சுவரைத் துளைக்க விட்டனான். இல்லாட்டி அக்கா வீட்டை மாதா வருவாவோ? கூடப்பிறந்தவள் எண்டு பாவம் பாத்ததுதான்."

"பெரிய மனசு" என்றார் மூப்பர்.

மாதா வீட்டில் இருக்கிற நாளில் சண்டை பிடிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தேத்தண்ணி ஊற்றினேன். அடுத்த நாள் மாதா அவள் வீட்டுக்குப் போனார். நானும் போய் வளவில் நின்றேன், உள்ளே போகவில்லை. அவள் முக்காலியில் ஏறி, எட்டி, இரண்டு தரம் தீக்குச்சி அணைந்து, மூன்றாம் தரம் மெழுகுதிரி கொளுத்தியதை நின்று முழுதாகப் பார்த்துவிட்டு வந்தேன். என் பக்கத்து நட்டில் நான் கை வைக்கவில்லை. வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

இப்போது மாதம் முடிந்து மாதா கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அவள் கதை முடியவில்லை. நேற்று மீன் வாங்கப் போன இடத்திலும் ஒருத்தி, "தங்கச்சி இல்லாட்டி உங்கடை பாடு கஷ்டம்தான்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். வாயை வைத்துக்கொண்டு இருந்தால் அலுமாரிக் கதை நிற்கும் என்றேன். அவள் இருக்கவில்லை. ஆகையால் கதையும் நிற்காது.

பிள்ளை, எழுதினது காணும், நிப்பாட்டு. இப்ப துவக்கத்திலை இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. உதிலை இருந்து முணுமுணுக்காதை. எழும்பு, போய் உந்தச் சுவரோடை நில். அலுமாரிக் கதை வாற இடத்திலை நல்லாச் சத்தமா வாசி.